ஒரு பில் 200 யுவானைத் தாண்ட வேண்டாம்

சீனாவுக்கு ஆங்கில ஆசிரியராகச் செல்பவர்கள், ஊரில் இருக்கும்போதே அலிபே என்னும் சீனப் பணம் செலுத்தும் செயலியில் கடவுச்சீட்டு விவரங்களைப் பதிந்து, தங்கள் வங்கி தந்த விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை அதனுடன் இணைத்துவிட்டு, அங்கே வங்கிக் கணக்கு தொடங்கும்வரை கடைகளில் செலுத்தும் ஒவ்வொரு தொகையையும் 200 யுவானுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு அட்டைவழிச் செலுத்தும் தொகை 200 யுவானுக்கு மேற்பட்டால் முழுத் தொகைக்கும் 3 சதவீதச் சேவைக் கட்டணம் பிடிக்கப்படுகிறது. அதற்குட்பட்டால் அந்தக் கட்டணம் இல்லை. ஆகவே, புது வீட்டுக்குப் போர்வையும் பாத்திரமும் 360 யுவானுக்கு வாங்கும்போது, இரண்டு பில்களாகப் போடச் சொன்னால் 10.80 யுவான் மிச்சமாகும். சிறு தொகைதான் என்றாலும், வீட்டுச் சாமான்கள் சேர்க்கும் முதல் மாதத்தில் இது கணிசமாகக் கூடிவிடும். முன்கூட்டியே இணைக்கச் சொல்வதற்குக் காரணம், சரிபார்ப்புக்காக வங்கி அனுப்பும் ஓடிபி சொந்த ஊர் எண்ணுக்குத் தடையின்றி வந்து சேரும் என்பதே.

உங்கள் வங்கி தனியே பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தை இந்த முறை குறைக்காது. தனிநபருக்குப் பணம் அனுப்ப வெளிநாட்டு அட்டை பயன்படாது என்பதால், வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகத் தரவேண்டிய வாடகைக்கும் முன்பணத்துக்கும் வேறு ஏற்பாடு தேவை. சீன வங்கி அட்டையை இணைத்த பிறகு பில்லைப் பிரிக்க வேண்டியதில்லை.