1064 வந்தால் கொஞ்சம் முன்னால் பாருங்கள்

விற்பனை அட்டவணையை மாத வாரியாகப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் உருவாக்குகிறீர்கள். கட்டளையை ஓட்டியதும், இலக்கணம் தவறு என்று சொல்லும் 1064 என்ற பிழை எண். கூடவே ‘நியர்’ என்ற சொல்லுக்குப் பின் உங்கள் கட்டளையிலிருந்தே ஒரு துண்டு. பலரும் அந்தத் துண்டு முழுவதையும் துருவுவார்கள். அது வீண் வேலை. படித்துக்கொண்டே வந்த சர்வர் எங்கே திகைத்து நின்றதோ, அங்கிருந்துதான் துண்டு தொடங்கும். பிழை அதன் முதல் சொல்லிலோ அதற்குச் சற்று முன்னாலோதான் இருக்கும்.

துண்டு மூடும் அடைப்புக்குறியில் தொடங்கினால், கடைசி பார்ட்டிஷனுக்குப் பின் காற்புள்ளி மிஞ்சியிருக்கும். பன்னிரண்டு மாதங்களை நகலெடுத்து ஒட்டியதன் பலன். ‘என்ஜின்’ என்று தொடங்கினால் வரிசை பிசகிவிட்டது: என்ஜின் (சேமிப்பு முறை), கேரக்டர் செட் (எழுத்துக் குறியாக்கம்) போன்றவை ‘பார்ட்டிஷன் பை’ பகுதிக்கு முன்பே வர வேண்டும். 202404 என்று தொடங்கினால் பெயர்தான் குற்றவாளி. வெறும் இலக்கங்களாலான பெயரை அப்படியே எழுத முடியாது. முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள்.

இனி, எனக்குப் பிடித்த தவறு. தேதியை ‘டூ_டேஸ்’ என்ற சார்பைக் கொண்டு எண்ணாக்கி, எல்லைகள் வைத்துப் பிரிக்கும் ‘ரேஞ்ச்’ முறையில் பிரிக்கிறீர்கள். எல்லைகளில் மட்டும் அதை மறந்து, மேற்கோள்குறியும் இல்லாமல் 2024-04-01, 2024-05-01 என்று எழுதிவிடுகிறீர்கள். சர்வருக்கு அது தேதி அல்ல, கழித்தல் கணக்கு. முதல் எல்லை 2019, அடுத்தது 2018! எல்லைகள் ஏறுவரிசையில் இல்லை என்று 1493 வரும். ஏப்ரலுக்குப் பின்தானே மே என்று நீங்கள் திரையை முறைத்துக்கொண்டிருப்பீர்கள். தேதியையே எல்லையாக ஏற்கும் ‘ரேஞ்ச் காலம்ஸ்’ முறைக்கு மாறி, தேதிகளை மேற்கோள்குறிக்குள் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. 5.5 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

1503 என்ற பிழை எண் வந்தால், அது 1064 போல இலக்கணப் பிழை அல்ல. கட்டளையை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் போகாது. பார்ட்டிஷனுக்குப் பயன்படும் புலம் பிரைமரி கீயிலும் (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டுவது) ஒவ்வொரு யூனிக் கீயிலும் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) இருந்தாக வேண்டும். கீயில் தேதியையும் சேர்த்தால் பிழை மறையும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒரே பில் எண் இரண்டு வெவ்வேறு தேதிகளில் பதிவானாலும் சர்வர் தடுக்காது. பில் எண் தனித்தன்மையோடு இருப்பது கட்டாயம் என்றால், பார்ட்டிஷன் தேவைதானா என்று யோசிப்பேன்.

அட்டவணையை உருவாக்கும் கட்டளையைக் காட்டும் ‘ஷோ கிரியேட் டேபிள்’ தரும் வரிகளில் பார்ட்டிஷன் பகுதி, ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்புரைக்குள் இருக்கும். வெறும் குறிப்புதானே என்று நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் பிழையே வராது, பார்ட்டிஷனும் வராது.

இதே கட்டளையை போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனால், மைஎஸ்க்யூஎல்லில் எல்லையைக் குறிக்கும் ‘வேல்யூஸ் லெஸ் தேன்’ அங்கே செல்லாது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து தாய் அட்டவணை ஒரு கட்டளை, ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனிக் கட்டளை; எல்லைகள் ‘ஃப்ரம்’, ‘டு’ என்ற சொற்களோடு வரும். ‘டு’ எல்லை கணக்கில் சேராது. ஏப்ரலின் ‘டு’ எல்லையாக 30-ஆம் தேதியையும் மே மாதத் தொடக்கமாக 1-ஆம் தேதியையும் எழுதினால், அட்டவணை சத்தமில்லாமல் உருவாகிவிடும். ஏப்ரல் 30 அன்று போடும் முதல் பில்லுக்குத்தான் இடம் இருக்காது.