வேலை பிடித்திருக்கும்போதே அடுத்த வேலைக்குத் தயாராவது எப்படி?

சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். நல்ல டீம், நல்ல மேனேஜர். மாறும் எண்ணமே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அப்ரைசல் முடிந்த கையோடு கீழே உள்ளதை எல்லாம் செய்துவிடுகிறேன். முதல் வேலையை விட்டபோது பட்ட பாடு அப்படி.

முதலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று வரி எழுதுங்கள். என்ன செய்தேன், எதனால், என்ன பலன். போன மாதம் நான் எழுதியது: "பில்லிங் திரையில் தள்ளுபடி இரண்டு தடவை கழிந்தது. ரிலீஸுக்கு முந்தின நாள் பிடித்தேன். 40 இன்வாய்ஸ் தப்பாகப் போகாமல் நின்றது." இரண்டு வருஷம் கழித்து இன்டர்வியூவில் கேட்டால் இந்த 40 ஞாபகத்துக்கு வராது. ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. 200 பக்க நோட்டுதான் சரி. கம்பெனி லேப்டாப்பில் மட்டும் எழுதாதீர்கள், வேலையை விடும் அன்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வாடிக்கையாளர் பெயர், ரகசியத் தகவல் எதுவும் நோட்டில் வேண்டாம்.

இரண்டாவது, காகிதங்கள். ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர்கள், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16. எல்லாவற்றையும் இறக்கி சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றும் பாருங்கள். ஐ.டி.யில் 90 நாள் சகஜம்.

மூன்றாவது பி.எஃப். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆதாரில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியல். இன்னார்தான் நான் என்று சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கணக்கிலிருந்து பணத்தைப் புதியதற்கு மாற்ற முடியாமல் ஏழு மாதம் இழுத்தது. இனிஷியல் போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. அதனால் இன்றைக்கே பி.எஃப். தளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா பெயர், பணியில் சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பிருந்தால் ஹெச்.ஆர். பக்கத்து மாடியில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். 2017 அக்டோபருக்குப் பின் ஆதார் வழியாக யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) வாங்கியவர்கள் பல திருத்தங்களை இப்போது தாங்களே செய்துகொள்ளலாம்.

வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம், தயவுசெய்து. ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனுக்கு பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கை மாற்றிக்கொண்டே போனால் பழைய வருஷங்களும் சேரும்.

கடைசியாக, நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் உங்களுக்கு அடுத்த படியில் உள்ள வேலைக்கான விளம்பரம் பத்து எடுத்துப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் திறமைகளில் உங்களிடம் இல்லாத ஒன்றை மட்டும் இந்த வருஷம் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது ஏ.பி.ஐ. டெஸ்டிங், அதாவது மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வழியைச் சோதிப்பது. அதற்கான போஸ்ட்மேன் என்ற டூலில் ஆரம்பித்தேன், புதியவர்களுக்கு அதுவே போதும்.

பிற்சேர்க்கை: லிங்க்ட்இனில் 'ஓபன் டு ஒர்க்' (வேலை தேடுகிறேன் என்ற அடையாளம்) போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்தாலும் நம் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இனே உறுதி தருவதில்லை. ப்ரொஃபைலில் வேலை விவரத்தை மட்டும் புதுப்பித்து வையுங்கள், தேவைப்படுகிறவர்கள் தேடி வருவார்கள்.