நண்பர்களின் காணொலியை மதிப்பிடுவது எப்படி? சிந்தனை மீட்சியில் (நம் குழு செய்த வேலையை நாமே திரும்பிப் பார்த்து எழுதுவதில்) என்ன எழுதுவது?

முதல் பருவத்தில் வகுப்பிலுள்ள ஒன்பது குழுக்களின் காணொலிகளையும் பார்த்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். ஒன்பதுக்கும் ஒரே வரியைத்தான் எழுதினேன்: "அருமையான படைப்பு, வாழ்த்துகள்." இரண்டு காணொலிகளை முழுதாகப் பார்க்கவே இல்லை. இந்த இடுபணி உங்களுக்கும் வந்திருந்தால், பினாங்கில் மூன்று பருவம் படித்துத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

படி 1: மூன்று முறை பாருங்கள்

முதல் முறை பேனா, தாள் எதுவும் வேண்டாம். மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டே கைப்பேசியில் பாருங்கள். பார்த்து முடித்ததும் "இது எதைப் பற்றியது?" என்று உங்களையே கேட்டு, ஒரு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் தேவைப்படும்.

இரண்டாம் முறை கணினியில், நிமிடக் குறிப்போடு. யூடியூபில் காணொலியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) முன்னே நகரும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுபோகும். வேகமாக ஓடிவிடும் வரைபடங்களைப் படிக்க இது போதும்.

மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். மாணவர் காணொலிகளில் பாதிக் கோளாறு ஒலியில்தான். விடுதி அறையில் மின்விசிறியை ஓடவிட்டுப் பதிவு செய்தால் விசிறிதான் முதன்மைப் பேச்சாளர்.

படி 2: தகவலைச் சரிபாருங்கள்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆனால் மதிப்பீட்டுக்கு எடை தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குழு கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பற்றிக் காணொலி செய்திருந்தது. 2007இல் திறக்கப்பட்ட சுரங்கம், வெள்ள நீருக்கும் வாகனங்களுக்கும் பொதுவானது. நல்ல தலைப்பு. ஆனால் "9.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்கள் ஓடுகின்றன" என்று குரல் கொடுத்தவர் சொன்னார். 9.7 என்பது சுரங்கத்தின் மொத்த நீளம். சாலைப் பகுதி ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். இன்னொன்று, அந்தச் சுரங்கத்தின் சுவாரசியமே அது மூன்று நிலைகளில் இயங்குவதில் இருக்கிறது. மழை இல்லாத நாளில் கார்கள் மட்டும். ஓரளவு வெள்ளம் வந்தால் சாலைக்குக் கீழே உள்ள தடத்தில் தண்ணீர் போகும், மேலே கார்களும் ஓடும். பெருவெள்ளம் என்றால் சாலையை மூடி, வண்டிகளை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து முழுச் சுரங்கத்தையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆறு நிமிடக் காணொலியில் இதற்குக் கிடைத்தது பதினைந்து நொடி. தொடக்க இசைக்கு இருபது நொடி!

படி 3: எழுதுங்கள்

அந்தக் குழுவுக்கு நான் எழுதியது இது:

"வெள்ள நீரும் கார்களும் ஒரே சுரங்கத்தைப் பகிர்ந்துகொள்வதைச் சொல்லும் காணொலி என்று புரிந்துகொண்டேன். 1:40இல் வரும் குறுக்குவெட்டுப் படம் மிகத் தெளிவு. 2:15இல் சொல்லும் நீளம் மொத்தச் சுரங்கத்துக்கானது, சாலைக்கு மட்டும் உள்ள நீளத்தைத் தனியே சொல்லலாம். 3:05இல் மூன்று நிலைகளுக்கும் தனித்தனிப் படம் வைத்தால் என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்."

முதல் வாக்கியம், நீங்கள் முதல் தடவை பார்த்தபோது எழுதி வைத்தது. குழு சொல்ல நினைத்ததும் உங்களுக்குப் புரிந்ததும் வேறு வேறாக இருந்தால், அதுவே அவர்களுக்குப் பெரிய தகவல். மற்றபடி, குறை சொல்லும் இடத்திலெல்லாம் நிமிடம் இருக்க வேண்டும், திருத்தும் வழியும் இருக்க வேண்டும். "உன் குரல் சரியில்லை" என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? "4:10இல் விசிறிச் சத்தம் கேட்கிறது, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதியலாம்" என்றால் அன்று மாலையே செய்துவிடும்.

தமிழ்க் காணொலிகளுக்கே உரிய ஒரு கோளாறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில தொகுப்புச் செயலிகளில் தமிழ் எழுத்து உடைந்துவிடும், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பவர்பாயின்ட்டில் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்து, அதைக் காணொலியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 4: சிந்தனை மீட்சி

அடுத்தவரைப் பற்றி எழுதுவது சுலபம். சொந்தக் குழுவைப் பற்றி எழுதும்போதுதான் கை நடுங்கும். "நாங்கள் ஐவரும் ஒற்றுமையாகச் செயல்பட்டோம்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் இரண்டே சொல் எழுதித் திருப்பித் தந்தார்: "நீங்கள் எங்கே?"

எங்கள் தலைப்பு பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள். 1972இல் இன்டெல் அங்கே வந்ததில் தொடங்கி, ஒரு கணினிச் சில்லு எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பது வரை. தொகுப்பு வேலை என்னுடையது. குழுவில் ஒருவர் இரண்டு வாரம் எதுவுமே செய்யவில்லை என்று எனக்குள் ஒரே புகைச்சல். அதைத்தான் மறு எழுத்தில் கொட்ட நினைத்தேன். ஆதாரம் வேண்டுமே என்று குழுவின் புலன (வாட்ஸ்அப்) உரையாடலை முதலிலிருந்து படித்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள், நினைவை நம்பாதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றில் யார் எப்போது என்ன சேர்த்தார் என்பதும் தெரியும்.

மூன்றாம் நாளே அவர் கேட்டிருந்தார்: "எனக்கு ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க." அதற்குக் கீழே மூன்று ஸ்டிக்கர்கள். ஒன்று நான் போட்டது. வேலை என்னவென்று யாரும் சொல்லவில்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோம். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்தே இதை அளந்திருக்கிறார், 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கும் வலிமையில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு வெளிப்பட்டது. சோம்பல் மட்டும் காரணம் இல்லை, ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க முடியாததும் காரணம். எங்கள் ஐவரில் கயிற்றையே கையில் கொடுக்காமல் ஒருவரை நிறுத்தி வைத்திருந்தோம்.

ஆகவே மூன்று கேள்விகளுக்கு "நான்" என்று தொடங்கிப் பதில் எழுதுங்கள். நான் எந்த நாளில் எதைச் செய்தேன்? எந்த இடத்தில் குழுவைத் தாமதப்படுத்தினேன்? அடுத்த இடுபணியில் எதை மாற்றுவேன்? மூன்றாவதற்கு "இன்னும் ஒத்துழைப்பேன்" என்று எழுதினால் மறுபடி ஓரத்தில் கேள்வி வரும். "முதல் சந்திப்பிலேயே ஐந்து பெயருக்கும் நேராக வேலையையும் தேதியையும் எழுதிப் புலனத்தில் மேலே பொருத்தி வைப்பேன்" என்று நான் எழுதினேன்.

இன்னொருவரைப் பற்றி எழுதியிருந்தால், அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டிவிடுங்கள். நானும் காட்டினேன். மெதுவாகப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரி. ஆனா மூணு ஸ்டிக்கர் இல்ல, நாலு."