பச்சை உடம்புக்காரியின் மனம்: பேறுகாலத்துக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவமான மூன்றாம் நாள் காரணம் தெரியாமல் அழும் தாயும், இரண்டு மாதம் கழித்து அழக்கூடத் தோன்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாயும் ஒரே நிலையில் இல்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஆகிய ஹார்மோன்கள் திடீரெனக் குறைவதாலும் தூக்கம் கெடுவதாலும் பெரும்பாலான தாய்மார்களுக்குச் சில நாள் மனம் தளும்பும். அது 2 வாரங்களுக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடிப்பதையோ, பிறகு புதிதாகத் தொடங்குவதையோ ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவமான ஓராண்டுக்குள் எந்த மாதத்திலும் அது தலைகாட்டலாம்.

‘நாங்கள் பெறாத பிள்ளையா?’ என்ற கேள்வி இதைவிடப் பெரிய தவறு. பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, குளிர்காற்று படாத அறை என்று உடம்புக்கு அவ்வளவு பார்க்கும் வீட்டில், வருகிறவர்கள் எல்லோரும் குழந்தை யார் சாயல் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். பெற்றவள் நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்க ஆளில்லை. தாய்வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்ற எண்ணமும் சரியன்று. வேலூரை அடுத்த கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த நிலையில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், வேலைகளில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதனோடு தொடர்புள்ளவையாகக் காணப்பட்டன. அந்தப் பட்டியலில் பெரும்பகுதி வீட்டார் கையில் இருப்பது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அழுகையை மட்டுமே அடையாளமாகக் கொள்வதும் ஏமாற்றிவிடும். ஓயாத எரிச்சல், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை, ‘நான் நல்ல தாயில்லை’ என்ற குற்ற உணர்வு எல்லாம் இதன் முகங்களே. குழந்தைக்குத் தன்னால் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற வேண்டாத எண்ணம் வந்து, அதைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சி மறைக்கும் தாய்மார்களும் உண்டு. கடந்த 7 நாள்களைப் பற்றி 10 கேள்விகள் கேட்டு மனச்சோர்வின் அறிகுறியை அறிய உதவும் எடின்பரோ அளவுகோல் 1987 முதல் பயன்பாட்டில் உள்ளது, தமிழிலும் இருக்கிறது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளை நாள் தவறாமல் போடும் குடும்பங்கள், அதே நாளில் தாயின் நிலையையும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதைப் போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

சிகிச்சை தொடங்கியபின் நடக்கும் தவறு மாத்திரையைப் பற்றியது. பால் கொடுப்பதால் மருந்தே கூடாது என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மருந்துக்காகப் பாலை நிறுத்துகிறார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், இரண்டையும் தொடர மருத்துவர் பெரும்பாலும் வழி சொல்வார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தெரிந்தவுடன் தாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். லேசான நிலையில் மருந்தின்றி உளவியல் ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம்.

இல்லாத குரல் கேட்பது, தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவை பிரசவமான முதல் சில வாரங்களில் தோன்றினால் அது பேறுகால மனப்பிறழ்வு என்ற வேறு நோய். ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போய் ஒரு நாளை வீணாக்காமல், தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் வாய்விட்டுச் சொன்னாலும் இதே அவசரம் வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது ஆறுதல் வார்த்தையைவிடப் பயன்படும்: பகலில் எடுத்துவைத்த தாய்ப்பாலை இரவில் ஒரு வேளை அவரே புகட்டி, ஏப்பம் விடவைத்துத் தூங்கச் செய்தால், அவளுக்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கக் கிடைக்கும்.