வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமையும் வாட்டையும் கணக்கிடுவது எப்படி?

ஒரு மின்சாதனத்தின் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட் இருக்கிறது, அதன் வழியே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்னும் இரண்டு அளவுகள் தெரிந்தால், வகுத்து மின்தடையையும் பெருக்கி மின்திறனையும் பெற்றுவிடலாம்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

முதல் வாய்பாட்டுக்கு அடிப்படை, ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. பள்ளியில் படித்த இந்தக் கணக்கில் தவறு நேர்வது அரிது. மீட்டரை எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்து அளந்தோம் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

வீட்டில் உள்ள 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தத்தை அளக்க மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் சாதனத்துக்கு இணையாக, அதாவது அதன் இரு முனைகளிலும், வைக்க வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரோ தொடரில், அதாவது மின்னோட்டம் அதன் வழியே ஓடும்படி, வர வேண்டும். ஆம்பியர் நிலையில் உள்ள மீட்டரின் கம்பிகளை நேரடியாகப் பிளக் துளைகளில் செருகுவது குறுக்குச்சுற்றை உண்டாக்குவதற்குச் சமம் என்பதால், வீட்டு மின்சாரத்தில், கம்பியை வெளியிலிருந்து கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பானது. அதன் வாய்க்குள் ஒரே ஒரு கம்பி மட்டுமே செல்ல வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மீட்டர் சுழியத்தைக் காட்டும். மீட்டர் பழுதென்று பலர் முடிவு செய்வது இந்த இடத்தில்தான். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், காப்புறை உள்ள அந்த ஒற்றைக் கம்பியை மீட்டரின் வாயில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் அளவைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் விளக்கு எரியும்போது, அதாவது தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்காத நேரத்தில், 222 வோல்ட்டும் 4.2 ஆம்பியரும் பதிவாகின என்று கொள்வோம். 222 ÷ 4.2 = 52.9 ஓம். 222 × 4.2 = 932 வாட். பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருக்க, 932 மட்டுமே வருகிறதே என்ற ஐயம் எழலாம். அச்சிட்ட அளவு 230 வோல்ட்டுக்கு உரியது. மின்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தும் பெறலாம் என்பதால், 230 × 230 ÷ 52.9 என்று போட்டுப் பார்த்தால் சரியாக 1000 வாட் கிடைக்கிறது. ஆகவே பெட்டியில் குறையில்லை. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம்தான் குறைவு. அதே பெட்டி 180 வோல்ட்டில் ஏறத்தாழ 612 வாட் மட்டுமே தரும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவது இந்த வர்க்கத்தின் வேலை.

இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் கம்பி சூடேறினாலும் அதன் மின்தடை அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் கணக்கு இவ்வளவு ஒழுங்காக ஒத்துவருகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு அப்படிப்பட்டதல்ல. எரியும்போது 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் எடுக்கும் அதன் மின்தடை சுமார் 880 ஓம். அதைக் கழற்றி, ஆறிய நிலையில் மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டு அளவுகளுமே சரியானவை: டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பத்தோடு பன்மடங்கு உயர்கிறது. ஆகவே எந்த விடையையும், அளந்த அந்த நிலைக்கு மட்டுமே உரியதாகக் கொள்ள வேண்டும். எல்இடி விளக்குகளுக்கு வகுத்து வரும் ஓம் கணக்கு ஏறக்குறையப் பொருளற்றது.

மோட்டார்களுக்கு இன்னொரு திருத்தம் தேவை. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் பம்புக்குப் பெருக்கி வருவது 1150. ஆனால் அது வாட் அன்று, வோல்ட்-ஆம்பியர். திறன்காரணி (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான மின்திறனாகும் பங்கு) 0.8 என்றால் உண்மையான மின்திறன் 920 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் மின்கட்டணக் கணக்கில் 0.92 யூனிட் ஏறும்.

முதன்முதலாக அளந்து பழகுபவர்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், 12 வோல்ட் பேட்டரியையும் 100 ஓம் மின்தடையத்தையும் கொண்டு தொடங்குவது நல்லது. மீட்டர் 120 என்று காட்டும், அது மில்லிஆம்பியர். அதை 0.12 ஆம்பியராக மாற்றாமல் வகுத்தால் 0.1 ஓம் என்ற அபத்தமான விடை வரும். 12 × 0.12 = 1.44 வாட் என்பதையும் கவனியுங்கள்: கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் மின்தடையத்தை இங்கே பொருத்தினால் அது கருகிவிடும், ஆதலால் 2 வாட்டுக்கு மேற்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, மின்னழுத்தத்தைச் சாதனம் ஓடும்போதே அளக்க வேண்டும். மேலே சொன்ன பெட்டியைப் போடுவதற்கு முன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 228 வோல்ட் இருந்து, போட்டபின் 222 ஆக இறங்கியது என்றால், இழந்த 6 வோல்ட்டையும் இதே வாய்பாட்டில் இடலாம். 6 ÷ 4.2 = 1.4 ஓம், அது வழியில் உள்ள கம்பிகளும் இணைப்புகளும் சேர்ந்த மின்தடை. 6 × 4.2 = 25 வாட்; அது வழியிலேயே சூடாக வீணாவது. நீண்ட கம்பி முழுவதும் பரவினால் இந்தச் சூடு தெரியாது. ஆனால் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறனும் இதே 25 வாட்தான். அவ்வளவும் தளர்ந்த ஒரே பிளக் முனையில் குவிந்தால் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறும். அப்படி ஒரு நிறமாற்றம் தென்பட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் அந்தப் பிளக்கையும் சாக்கெட்டையும் மாற்றுங்கள்; பிறகு மீண்டும் அளந்து, 6 வோல்ட் எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.