டச்சுக் கோடை மாளிகைப் படத்தை ஆராய்வது எப்படி?

ஆற்றங்கரையில் மரங்கள் சூழ்ந்த மாளிகை, நீரோரமாகத் தேநீர் அருந்தும் சிறு மண்டபம், முன்னால் ஒரு படகு, அடியில் மாளிகையின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நெதர்லாந்தின் கோடை மாளிகைப் படங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். உட்ரெக்டிலிருந்து வடக்கே மௌடன் வரை ஓடும் வெக்ட் ஆற்றின் கரைகளில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் கட்டிய இத்தகைய மாளிகைகளை, பெ. யோ. லுட்கெர்ஸ் 1836இல் கல்லச்சுத் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை, லித்தோகிராஃப்) தொகுப்பாகவே வெளியிட்டார். என்னிடமுள்ள வெக்ட் கரைப் படம் ஒன்றை அடையாளம் காண நான் கடைப்பிடித்த வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அச்சு முறையை உறுதிசெய்யுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் மெழுகுக்கோலின் சொரசொரப்பான புள்ளித் தடம் தெரிந்தால் அது கல்லச்சு. கூர்மையான கோடுகளும் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் இருந்தால் அது செம்பு அல்லது எஃகுத் தகட்டு அச்சு. ஒரே சீரான கட்டத்தில் புள்ளிகள் அடுக்கியிருந்தால் அது பிற்கால மறுபதிப்பு. இந்த வேலைக்குக் கைப்பேசிக் கேமராவை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல லென்ஸும், 600 டிபிஐ அளவில் எடுத்த ஸ்கேனும் போதும்.

அடுத்து, ஓரத்துச் சிற்றெழுத்துகள். பெயரை அடுத்து ‘டெல்.’ என்றிருந்தால் அவர் வரைந்தவர், ‘ஸ்கல்ப்.’ என்றால் தகட்டில் செதுக்கியவர், ‘லித்.’ என்றால் கல்லில் வரைந்தவர் அல்லது கல்லச்சு அச்சகத்தார். மாளிகையின் பெயரை மட்டும் நம்பி ஊரை முடிவுசெய்யாதீர்கள். வங்கியாளர் ஹென்றி ஹோப் 1780களில் ஹார்லெமில் கட்டுவித்த வெல்கெலேகன் இன்று வடக்கு ஹாலந்து மாகாண அரசின் இருப்பிடமாக விளங்குகிறது. ஆனால் அதே பெயரில் வேறு ஊர்களிலும் மாளிகைகள் உண்டு.

இனி வருவதுதான் பலரும் இடறும் படி: இடவலம். கல்லில் வரைந்தது தாளில் இடம் வலமாகப் புரண்டு விழும் என்பதால், தேர்ந்த கலைஞர் முன்கூட்டியே காட்சியைப் புரட்டிக் கல்லில் வரைவார். வேறொருவரின் படத்தைப் பார்த்து அப்படியே கல்லில் படியெடுப்பவர் அதைச் செய்யாமல் விடக்கூடும். அடியிலுள்ள எழுத்து நேராக இருக்கிறதே என்று சமாதானம் கொள்ள முடியாது, ஏனெனில் எழுத்து தனியாகப் புரட்டி எழுதப்படுவது. மேற்குக் கரை மாளிகையை எதிர்க்கரையிலிருந்து வரைந்திருந்தால், படத்தில் உட்ரெக்ட் திசை இடப்புறமும் மௌடன் திசை வலப்புறமும் இருக்க வேண்டும். தேவாலயக் கோபுரம், வண்டிக்கொட்டகை, பாலம் ஆகியவை அதற்கேற்ற பக்கத்தில் நிற்கின்றனவா என்று நிலப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு 1832இல் நடைமுறைக்கு வந்த டச்சு நிலப்பதிவுத் துறையின் முதல் புலப்படங்களைவிடச் சிறந்த துணை இல்லை. ஒவ்வொரு மனைக்கும் நம்மூர் சர்வே எண் போல ஓர் எண் உண்டு. அதைக் கொண்டு உரிமையாளர் பட்டியலில் பெயர், தொழில், நிலப்பயன்பாடு, பரப்பளவு எல்லாவற்றையும் படிக்கலாம். படத்தில் கூரை முனையை ஒட்டிக் கோபுரம் தெரிந்தால், புலப்படத்தில் அந்த இரண்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்து நீட்டுங்கள். படத்தில் ஒன்றையொன்று ஒட்டித் தெரியும் இன்னொரு ஜோடிக்கும் அப்படியே செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே ஓவியர் நின்ற இடம். அது எதிர்க்கரைப் பாதையில் விழுந்தால் படம் நம்பகமானது. நிற்கவே முடியாத இடத்தில் விழுந்தால், காட்சி அழகுக்காகக் கோபுரத்தை நகர்த்தியிருக்கிறார் என்று பொருள். பிற்கால வரைபடங்களைப் பார்க்க டோபோடெய்ட்ரெய்ஸ் தளம் வசதியானது என்றாலும், தொடக்கத்தில் புலப்படத்தையே நான் நாடுவேன்.

ஒளியையும் கவனியுங்கள். சென்னையில் கோடையின் சில மாதங்கள் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். நெதர்லாந்திலோ ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். வடக்குப் பார்த்த முகப்பில் நண்பகல் வெயில் நேராக விழுந்தால் சந்தேகப்படுங்கள், ஆயினும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

காலத்தைக் கணிக்கத் தோட்டம் உதவும். டானியேல் ஸ்டோபன்டால் 1719இல் வெளிவந்த வெக்ட் தொகுப்புக்குச் செதுக்கிய படங்களில் பாத்திகளும் நடைபாதைகளும் நேர்கோட்டில் ஓடுகின்றன. இளைய யான் டாவிட் சோகர் போன்றவர்கள் தோட்டம் அமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளைந்த குளமும் புல்வெளியும் மரக்கூட்டங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. அச்சான ஆண்டும் காட்சியின் ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெக்ட் கரையில் பல மாளிகைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டன, இடிந்தவற்றைப் பழைய படத்திலிருந்து மறுபடியும் வரைய முடியும்.

பிற்சேர்க்கை: வண்ணப் படங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கறுப்பில் அச்சான படத்துக்குப் பின்னாளில் விற்பனைக்காகக் கையால் வண்ணம் தீட்டுவது வழக்கம். அப்படித் தீட்டியிருந்தால் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பதை லென்ஸில் காணலாம். ஆகவே சுவர் வெள்ளையா மஞ்சளா என்பதற்கு அந்த நிறத்தைச் சான்றாகக் கொள்ளாமல், அதே படத்தின் வண்ணமிடாத படியை உட்ரெக்ட் ஆவணக் காப்பகத்தின் படத் தொகுப்பிலோ ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பிலோ தேடி ஒப்பிடுங்கள்.