ராத்திரி டிபன் வாங்க சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் ஒன்பது மணிக்கு மேல் சைக்கிள் ஓட்டுவது தனி சுகம். பஸ் சத்தம் அடங்கி, கோயில் நடை சாத்தி, மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் இருட்டுக்குள் போயிருக்கும். தள்ளுவண்டியில் தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும். எங்கள் பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் தினமும் இப்படித்தான் டிபன் வாங்கக் கிளம்புகிறார்கள். என் பழைய கூத்தையெல்லாம் ஆள் மாற்றி மறுபடி நடத்துகிற மாதிரி இருக்கிறது. காற்று பார், பிரேக் பார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பார்சலை ஹேண்டில்பாரில் மாட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இட்லி, சட்னி, சாம்பார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனையும் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. முழங்கால் இடிக்க இடிக்க பை ஆட ஆரம்பிக்கும், சட்டென்று ஒரு திருப்பம் வந்தால் வீசி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் நுழையும், கம்பியோடு சுற்றிப் போய், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சக்கரம் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புறப் போவீர்கள்.

போன மழைக்காலத்தில் சாரங்கபாணி கோயில் பக்கம் ஒரு பையன் அப்படித்தான் விழுந்தான். முன்பல் பாதி போனது, ஃபோர்க் வளைந்தது, சூடான சாம்பார் கொட்டிப் புறங்காலெல்லாம் கொப்புளம். தூக்கி உட்கார வைத்ததும் அவன் கேட்டது, "அண்ணே, கடப்பா தப்பிச்சுதா?" இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிய எங்கள் ஊர்க் கடப்பாவைத்தான் கேட்டான். நாலு இட்லிக்குப் பல் டாக்டர் செலவு!

பின்னால் கேரியர் எதற்கு இருக்கிறது? இப்போது வருகிற கியர் சைக்கிள்களில் அது இருப்பதில்லை, சரி, சைக்கிள் கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சாம்பாருக்கு மூடி இறுக்கமான தூக்குவாளி, அதிலும் முக்கால் அளவுதான், மேலே போனால் தளும்பும். பழைய ட்யூபை நீளமாக வெட்டி இரண்டு சுற்று இழுத்துக் கட்டினால் அசையாது. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் கைப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முறுகல் தோசை பார்சல்

வேண்டாம். அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.

கடப்பாவைச் சாம்பார் மாதிரி நினைப்பது

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கடப்பா பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிச் செய்வது, ஆற ஆற இறுகிவிடும். அறை தூரம் என்றால் கொஞ்சம் தளரக் கேட்டு வாங்குங்கள். காலைக்கு ஆகும் என்று மிச்சம் வைத்தால் ஊசிப்போகும்.

டைனமோவை நம்புவது

சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் டைனமோ விளக்கு நன்றாக எரியும். இருட்டுத் திருப்பத்தில் மெதுவாகப் போகும்போது, வெளிச்சம் வேண்டிய அந்த நேரம் பார்த்து மங்கும். பேட்டரி விளக்கு வாங்குங்கள். அதிலும் அறுவடை சமயத்தில் ஊருக்கு வெளியே தங்கியிருக்கிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். பாதி ரோட்டில் நெல் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். கல்லுக்குத் தப்பி நெல்லில் ஏறினாலும் பிரேக் பிடிக்காதீர்கள், மணி உருண்டு சக்கரம் வாரிவிடும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது

மிதிக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி தள்ளிக்கொண்டு நடங்கள்.

பத்து மணிக்குப் போய் இட்லி கேட்பது

மாவு தீர்ந்திருக்கும். பரோட்டாதான் மிச்சம், அதுவும் கடை கட்டுகிற அவசரத்தில் போட்டது.